ரோட்டவேட்டர்: கத்தியைப் பார்க்கிறோம், சீலைப் பார்க்கிறோமா?

ஆனி பாதி கழிந்துவிட்டால், புதுக்கோட்டை மாவட்டத்தில் டிராக்டர் வைத்திருப்பவரின் செல்போன் ஓயாது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் நிலக்கடலைக்குப் புழுதி ஓட்ட வேண்டும். அது முடிவதற்குள் கண்மாய்ப் பாசன ஊர்களிலிருந்தும், கல்லணைக் கால்வாய்த் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்தும் நெல்லுக்குச் சேறடிக்கக் கூப்பிடுவார்கள். "நாளைக்குக் காலையில வந்துடுறேண்ணே" என்று ஒரே நாளைக்கு நாலு பேரிடம் சொல்லி வைத்திருப்பார் டிராக்டர்காரர். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் 'கடகட'வென்று ஒரு சத்தம் வரும். பெரும்பாலும் கெட்டிருப்பது டிராக்டராக இருக்காது. பின்னால் மாட்டியிருக்கும் ரோட்டவேட்டராக இருக்கும்.

இது டிராக்டர்காரர் ஒருவரின் நஷ்டத்தோடு போவதில்லை. மானாவாரிச் செம்மண்ணில் ஒரு மழை பெய்தால் ஈரம் இரண்டு, மூன்று நாள்தான் நிற்கும். அந்த ஈரத்தில் உழுது விதைத்தால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். ரோட்டவேட்டர் பட்டறையில் கிடக்கும் மூன்று நாளில், விதைக்கடலையை உடைத்துத் தயாராக வைத்திருக்கும் பத்துக் குடும்பங்களின் பட்டம் தள்ளிப்போகிறது. டிராக்டர்காரருக்கோ கடன் தவணை வட்டியோடு நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டு மாதம் ஓடுகிற சம்பாத்தியத்தில்தான் அவர் பன்னிரண்டு மாதத்துத் தவணையைக் கட்டியாக வேண்டும்.

பருவத்துக்கு முன்னால் ரோட்டவேட்டரைத் தயார் செய்கிறோம் என்று சொல்லி எல்லோரும் செய்வது ஒன்றுதான். புதுக் கத்தி வாங்கி மாட்டுவார்கள். தவறில்லை. ஆனால் அந்த இயந்திரத்திலேயே கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற, சுலபமாக மாற்றக்கூடிய, செலவு குறைந்த பாகம் கத்திதான். பர்ஸைக் காலி செய்கிற பாகங்கள் எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கின்றன.

ரோட்டவேட்டரை அருகில் போய்ப் பார்க்காதவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்லிவிடலாம். டிராக்டரின் பின்புறம் பி.டி.ஓ. என்று ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது அதன் கணக்கு. அந்தச் சுழற்சியை, இரு முனையிலும் 'கிராஸ்' வைத்த ஒரு நீளமான ஷாஃப்ட் வாங்கி, ரோட்டவேட்டரின் நடுவில் இருக்கும் கியர் பாக்ஸுக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து அது பக்கவாட்டில் திரும்பி, ஓர் ஓரத்தில் உள்ள கியர் பெட்டிக்குப் போய் (சிலவற்றில் கியருக்குப் பதில் சங்கிலி இருக்கும்), கீழே இறங்கி, கத்திகள் பூட்டிய ரோட்டரைச் சுழற்றுகிறது. ரோட்டர் ஏறத்தாழ நிமிடத்துக்கு 200 சுற்று என்ற அளவில் மண்ணைக் கொத்திக்கொண்டே போகும். அதன் மேலே ஒரு கவசத் தகடு, பின்னால் மண்ணைத் தட்டிச் சமன்படுத்த ஒரு பலகைத் தகடு. அவ்வளவுதான்.

ரோட்டரின் இரண்டு முனையிலும் பேரிங் இருக்கிறது. அந்த பேரிங்குக்கும் வெளியே இருக்கும் சேற்றுக்கும் நடுவே நிற்பது ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம். சேறடிக்கும்போது ரோட்டரின் முனை மணிக்கணக்காகச் சேற்றுக்குள்ளேயே முங்கிச் சுழல்கிறது. உள்ளே ஆயில், வெளியே சேறு. இரண்டும் கலந்துவிடாமல் காப்பது உள்ளங்கையில் அடங்கும் அந்த வளையம்தான்.

சீல் தானாகத் தேய்ந்து போவதற்கு நாளாகும். அதற்கு முன்பே அதைக் கிழிப்பது நாம் வயலில் போடும் குப்பை. மயிலுக்கும் பன்றிக்கும் பயந்து வேலியோரம் கட்டிய பழைய சேலை, உர மூட்டையின் பிளாஸ்டிக் நூல், நைலான் கயிறு, அறுந்து கிடக்கும் சொட்டுநீர்க் குழாய், பூ, காய்கறித் தோட்டத்தில் விரித்த மல்ச்சிங் ஷீட், கட்டுக்கம்பி... இவையெல்லாம் ரோட்டரில் சிக்கினால் சுற்றிக்கொண்டே போய் ஓரத்துக்கு நகர்ந்து, சீல் இருக்கும் இடத்தில் இறுகிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சேறு அப்பியிருப்பது போலத்தான் தெரியும். உள்ளே நைலான் நூல் அரிவாள் போல ரப்பரை அறுத்துக்கொண்டிருக்கும். சீல் கிழிந்ததும் ஆயில் வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகும். பேரிங்கின் குண்டுகள் மண் கலந்த நீரில் உருண்டு தேயும். பேரிங் ஆட்டம் கொடுத்தால் ரோட்டர் நேராக நிற்காது. ரோட்டர் ஆடினால் கியர் பற்கள் சரியாகப் பொருந்தாமல் உரசும். கடைசியில் கியர் பல் உடையும்போதுதான் நமக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. சீல் கிழிந்து அநேகமாக ஒரு மாதம் ஆகியிருக்கும்.

ஆகவே, ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ரோட்டரின் இரு ஓரங்களிலும் சுற்றியிருப்பதைக் கத்தியால் அறுத்து எடுத்துவிடுவது, எந்த மெக்கானிக்கும் செய்ய முடியாத பராமரிப்பு. பத்து நிமிட வேலை. இருட்டிவிட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற வேலையும் இதுதான்!

சீல் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க இயந்திரத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. முதலில் ஆயில். ஓர் இரவு முழுக்க நிறுத்தி வைத்த ரோட்டவேட்டரின் ஓரப் பெட்டியில், அடியில் உள்ள வடிகால் போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீரா, ஆயிலா என்று தெரிந்துவிடும். மோர் போல வெளுத்த ஆயில் வந்தால் தண்ணீர் ஏற்கெனவே கலந்துவிட்டது என்று பொருள். ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, சீலையும் மாற்ற வேண்டும். வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளி மினுமினுப்பு லேசாக இருந்தால் வழக்கமான தேய்மானம். நெருநெருவென்று துகள் தட்டுப்பட்டால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது.

அடுத்தது கடப்பாரைச் சோதனை. ரோட்டவேட்டரைத் தூக்கி, அடியில் கனமான மரக்கட்டைகளைக் கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, ரோட்டரின் முனைக்குக் கீழே கடப்பாரையை வைத்து மேல்நோக்கி நெம்ப வேண்டும். கையில் 'டொக்' என்று ஓர் அசைவு தெரிந்தால் பேரிங் முடிந்துவிட்டது. பிறகு ரோட்டரைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சரளைக்கல்லை மெல்லுவது போலக் கரகரப்பு வரக்கூடாது. அதே சுற்றில், ஒரு குச்சியை நிலையாக ஊன்றி அதன் நுனியை ரோட்டர் குழாயை ஒட்டி வைத்தால், குழாய் வளைந்திருக்கிறதா என்பதும் தெரியும். ஓரிடத்தில் உரசி, எதிர்ப்பக்கம் இடைவெளி விட்டால் குழாய் வளைந்திருக்கிறது. அதற்கு லேத் பட்டறைதான் வழி.

தென்னந்தோப்புகளில் ஓடும் ரோட்டவேட்டருக்கு இந்தக் கடைசிச் சோதனை மிக அவசியம். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி வட்டாரத் தோப்புகளைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிச் சாய்ந்த மரங்களை அறுத்து எடுத்த பிறகும், அடிக்கட்டை மண்ணுக்குள் மறைந்து நிற்பது உண்டு. ஓடும் வேகத்தில் அதன்மேல் ரோட்டரை ஏற்றினால் கத்தி உடைவது பெரிய சேதமில்லை. கத்தி உடையாமல் நின்று, அடி முழுவதும் ரோட்டர் குழாய்க்கும் கியருக்கும் போவதுதான் பெரிய சேதம்.

அந்த அடியைத் தாங்கிக்கொள்ளவே ஒரு பாகம் வைத்திருக்கிறார்கள். பல ஷாஃப்ட்டுகளில் 'ஷியர் போல்ட்' என்று ஒரு சாதாரண போல்ட் உண்டு. ரோட்டர் எதிலாவது முட்டி நின்றால் தான் முறிந்து, கியரைக் காப்பாற்றுவது அதன் வேலை. மின்சாரத்தில் ஃபியூஸ் போல. அடிக்கடி முறிகிறதே என்று எரிச்சல்பட்டு, அதன் இடத்தில் நல்ல உறுதியான ஹை-டென்சைல் போல்ட்டை மாட்டிவிடுகிறவர்கள் ஏராளம். ஃபியூஸ் போடும் இடத்தில் தடித்த கம்பியைச் செருகுவதும் இதுவும் ஒன்றுதான். அடுத்த முறை முறிவது போல்ட்டாக இருக்காது.

இனி, எல்லோரும் பார்க்கிற கத்திக்கு வருவோம். ஐந்தடி ரோட்டவேட்டரில் வழக்கமாக 36 கத்திகள், ஆறடியில் 42, ஏழடியில் 48. நம் பக்கம் பெரும்பாலும் 'எல்' வடிவக் கத்திகள்தான். இந்த 'எல்' வடிவத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1912-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கில்கண்ட்ரா என்ற ஊரில், இருபது வயதுகூட நிரம்பாத ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்ற இளைஞர், தன் அப்பாவின் பண்ணையில் நீராவி இன்ஜினின் சுழற்சியைக் கொண்டு மண்ணைக் கொத்திப் பார்த்தார். மண் பொலபொலவென்று வந்தது. ஆனால் கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தன. ரோட்டரைச் சிறிதாக்கி, 'எல்' போல மடித்த கத்திகளைப் பூட்டியதும் அந்தத் தொல்லை நின்றது. 1920-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பின்பு 1938-ல் இங்கிலாந்து சென்று நிறுவனம் தொடங்கினார். ரோட்டவேட்டர் என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். ஆங்கிலத்தில் எழுதினால் முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுபோல் வரும், நம் 'விகடகவி' மாதிரி.

எல்-லின் மடிந்த குட்டைக் கைதான் மண்ணை அடியில் அறுத்து எடுக்கிறது. புதுக்கோட்டையின் செம்புறைச் சரளை மண்ணில் முதலில் கரைவதும் அதுதான். அது பாதிக்கும் கீழே தேய்ந்தால் கத்தி மண்ணை வெட்டாது, தேய்க்கும். ஆழம் குறையும். ஆழம் போதவில்லையென்று இன்னொரு சால் ஓட்டுவோம். மிச்சம் பிடித்த கத்திக் காசு டீசலில் போய்விடும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது அடுக்கு. ஒவ்வொரு தட்டிலும் வழக்கமாக ஆறு கத்திகள், மூன்று இடப்பக்கம் மடிந்தவை, மூன்று வலப்பக்கம் மடிந்தவை. ரோட்டரை நீளவாக்கில் பார்த்தால் அவை திருகு போலச் சுற்றிக்கொண்டு போகும். ஒரே நேரத்தில் எல்லாக் கத்தியும் மண்ணில் அடிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் திருகு. மொத்தமாகக் கழற்றிக் குவித்துவிட்டு ஞாபகத்தில் மாட்டினால் திருகு குலையும். பிறகு வண்டி குதிக்கும், ஓட்டுகிறவரின் முதுகு வலிக்கும், நடு கியர் பாக்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் உதை வாங்கும். ஒரு தட்டைக் கழற்றி மாட்டி முடித்த பிறகே அடுத்த தட்டைத் தொடுவது நல்லது. கூரான விளிம்பு சுழலும் திசையில் மண்ணில் முதலில் இறங்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு கத்தியிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு கத்தி மட்டும் புதிது, மீதி தேய்ந்தது என்று கலந்து மாட்டினால், நீண்டிருக்கும் அந்த நான்கும் மற்றவற்றின் அடியையும் சேர்த்து வாங்கும்.

பழைய போல்ட்டையே திரும்பப் போடுவது சிக்கனம் இல்லை. போல்ட் தலையில் 8.8, 10.9 என்று எண் பொறித்திருப்பார்கள். எண் கூடக் கூட உறுதி கூடும். கழற்றியதில் என்ன எண் இருந்ததோ, அதற்குக் குறையாமல் வாங்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட்டை வாங்கவே கூடாது. முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி முறுக்க வேண்டும். தளர்ந்த கத்தி தானும் ஆடும், தட்டின் ஓட்டையையும் முட்டை வடிவமாக்கிவிடும். அப்புறம் எந்த போல்ட்டும் அங்கே நிற்காது.

வெல்டிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேய்ந்த கத்தியின் மேல் லாரிப் பட்டைத் துண்டை வைத்துப் பற்றவைத்து ஓட்டுகிற வழக்கம் இருக்கிறது. நம் ஆட்களின் கைத்திறமை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு வேலை வேண்டாம் என்பேன். கத்திகள் பெரும்பாலும் போரான் சேர்த்த எஃகில் செய்து, சூட்டில் பதப்படுத்தப்பட்டவை. பற்றவைக்கும் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். பற்றுக்குப் பக்கத்தில் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஒரு கல்லில் பட்டதும் அந்தத் துண்டு எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புதுக் கத்தியின் விளிம்பில் அதற்கென்று உள்ள ராடால் கெட்டிப் பூச்சு கொடுக்கும் 'ஹார்டு ஃபேசிங்' வேறு விஷயம். சரளை மண்ணில் அதற்குப் பலன் உண்டு. ஆனால் அதையும் முழு செட்டுக்கும் ஒரே மாதிரிச் செய்து, தண்ணீரில் முக்காமல் தானாக ஆறவிட வேண்டும்.

விரிந்த தட்டையோ கவசத் தகட்டையோ பற்றவைக்கும்போது எர்த் கிளாம்ப்பை எங்கே மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். தட்டைப் பற்றவைத்தால் கிளாம்ப்பும் ரோட்டரிலேயே இருக்க வேண்டும். வசதிக்காக மேலே சட்டத்தில் மாட்டிவிட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து, அதன் குண்டுகளில் பொடிப் பொடியாகக் குழி விழும். தட்டு சரியாகிவிட்டது என்று சந்தோஷமாக வந்தவர், பத்து நாளில் பேரிங்குக்காக அதே பட்டறைக்குப் போவார். காரணமும் புரியாது.

கவசத் தகட்டின் உள்பக்கம் சேறு காய்ந்து விரல்கடை கனத்துக்கு அப்பியிருக்கும். உப்பும் உரமும் கலந்த அந்த ஈரச் சேறு தகட்டை உள்ளிருந்தே அரிக்கிறது. கத்திக்கும் தகட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியும் குறைந்து இன்ஜினுக்குச் சுமை ஏறுகிறது. கழுவத்தான் வேண்டும். ஆனால் வாட்டர் சர்வீஸ்காரரிடம் விட்டால், பிரஷர் பைப்பை நேராக ரோட்டர் முனையில் காட்டவிடாதீர்கள். சேறு மாதக்கணக்கில் செய்யாததை அந்தத் தண்ணீர் ஒரு நிமிடத்தில் செய்துவிடும்.

இவ்வளவும் பண நஷ்டம். பணத்தால் திருப்ப முடியாதது ஒன்று இருக்கிறது. டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவே சுழலும் ஷாஃப்ட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை வரும். புதிதாக வாங்கிய சில வாரத்தில் உடைந்து, கழற்றி எறியப்படும் முதல் பாகம் அதுதான். அது இல்லாமல் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. ஆறு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாய், ஒரு சுற்றில் பத்தொன்பது சென்டிமீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும். ஒரு விநாடியில் சுமார் 1.7 மீட்டர். நாலு முழ வேட்டி கிட்டத்தட்ட ஒரு விநாடி. 'ஐயோ' என்று கத்தி, ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்து கிளட்ச்சை மிதிப்பதற்கு ஒரு விநாடி போதாது. வேட்டி, லுங்கி, சேலை முந்தானை, தோளில் கிடக்கும் துண்டு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். விலை கொடுத்து அந்த உறையை மறுபடி வாங்கி மாட்டுங்கள்.

சேற்றில் சிக்கியதை எடுக்க, ரோட்டரை நிறுத்தாமல் குனிகிறவர்களும் இருக்கிறார்கள். பி.டி.ஓ. லீவரைத் தள்ளினால் மட்டும் போதாது. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, குனிகிறவரே தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கி நிற்கும் ரோட்டவேட்டரை ஹைட்ராலிக் தாங்கும் என்று நம்பி அடியில் கை விடக்கூடாது. மரக்கட்டை கொடுத்த பிறகே. அப்புறம், பிள்ளைகள். பள்ளிக்கூட லீவு நாளில் "நானும் வர்றேம்ப்பா" என்று மட்கார்டில் ஏறி உட்காரும் பிள்ளையை இறக்கிவிட மனம் வராது. ஒரு வரப்பில் சக்கரம் ஏறித் துள்ளினால் மட்கார்டிலிருந்து விழுகிற இடம் பின்சக்கரத்துக்கும் ரோட்டருக்கும் முன்னால். டிராக்டரில் இருக்கை ஒன்றுதான். மனம் வராவிட்டாலும் இறக்கிவிடுங்கள்.

ரோட்டவேட்டரை எந்நேரமும் போட்டுக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. எல் கத்தி ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் அடிமண்ணைத் தடவிக்கொண்டு போவதால் அங்கே இறுகிய அடுக்கு ஒன்று உருவாகும். தேய்ந்த கத்தி அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்! மழைத்தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் அதை உடைத்துவிட வேண்டும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம். வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் காட்டி யோசனையும் கேட்கலாம்.

சேறடிப்பு முடிந்ததும் வேலியோரம் இறக்கிவிட்டு, தை அறுவடை வரை திரும்பிப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் அது நனைந்து தீர்க்கும். இறக்கி வைக்கிற அன்றைக்கே கழுவி, ஓரங்களில் சுற்றியதை அறுத்து, ஆயிலைப் பார்த்து, கிராஸ் இரண்டுக்கும் ஷாஃப்ட்டின் உள்குழாய்க்கும் கிரீஸ் அடித்து, கத்திகளுக்கு ஆயில் தடவி, நான்கு மரக்கட்டைகள் மேல் ரோட்டர் தரையில் படாமல் ஏற்றிவிட்டால் அரை நாள் வேலை. மேலே ஒரு தார்ப்பாய். ஷாஃப்ட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கலாம். சீல் மாற்ற வேண்டியிருந்தால் அப்போதே மாற்றுங்கள். மார்கழியில் பட்டறைக்காரருக்கும் நேரம் இருக்கும், பாகம் திருச்சியிலிருந்து வர வேண்டும் என்றாலும் காத்திருக்கலாம். ஆனி கடைசியில் போனால் அங்கே உங்களுக்கு முன்னால் ஏழு ரோட்டவேட்டர் வரிசையில் நிற்கும்.